இரண்டாவது குப்பி

சித்தப்பா அந்தப் புண்ணின் படத்தை முதன்முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, "சுகர் பார்த்தீங்களா சித்தப்பா?" என்று மட்டும் கேட்டேன். பார்த்தாச்சு, சரியாக இருக்கிறது என்றார். "அப்ப சுத்தமா கட்டு போட்டு வைங்க, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். நான் பதினோரு வருடமாக ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பூஞ்சைப் பிரிவில் இருக்கிறேன். ஆறாத புண்களிலிருந்து வரும் திசுத் துண்டுகளைத்தான் தினமும் கையாள்கிறேன். சொந்தச் சித்தப்பாவின் கையைப் பார்த்தபோது மட்டும் அது எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது.

அவர் தச்சர். மழையில் நனைந்து பல மாதம் கிடந்த பழைய பலகைகளைப் பிரித்து அடுக்கும்போது வலது புறங்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு சிலாம்பு ஏறியிருக்கிறது. அவர் தொழிலில் சிலாம்பு ஏறாத வாரமே கிடையாது. ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு மறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் பருப் போல ஒன்று எழும்பியது. வலி இல்லை. பிறகு அது பெருத்து, உடைந்து, புண்ணானது. ஓரம் தடித்து லேசாக ஊதா பாய்ந்திருந்தது. நடுவில் கொஞ்சமாகச் சீழ். காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை. அதனாலேயே யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குறையவில்லை என்றதும் வேறொன்று, பத்து நாளைக்கு. அப்புறம் ஒரு களிம்பு. அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தது என்பது பின்னால் நான் டியூபை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. போட்ட சில நாளில் சிவப்பு குறைந்திருக்கிறது. மருந்து கேட்கிறது என்று சித்தப்பா சந்தோஷப்பட்டிருக்கிறார். ஸ்டீராய்டு செய்வது அதைத்தான்: உடம்பின் எதிர்ப்பை அடக்கும், அதனால் சிவப்பும் வீக்கமும் அடங்கும். காரணம் பூஞ்சையாக இருந்தால், அந்த அமைதியில் அது தடையில்லாமல் வளரும். இரண்டாவது வாரத்தில் புண் இரு மடங்காகிவிட்டது.

மூன்றாவது மாதம் ஒரு இடத்தில் பயாப்ஸி எடுத்தார்கள். அது சரியான முடிவு, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எடுத்த திசு முழுவதையும் ஒரே குப்பியில், ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அறிக்கையில் "கிரானுலோமா காணப்படுகிறது, காசநோயாக இருக்கலாம்" என்று வந்தது. காசநோய் மருந்து ஆரம்பிக்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் சித்தப்பா எனக்குப் போன் செய்தார். "அம்மாடி, எனக்கு டி.பி.யாம்ல?" அந்தக் குரலைக் கேட்ட அன்றே கிளம்பினேன்.

போய் உட்கார்ந்ததும் புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முழங்கையைப் பிடித்து, முன்கையின் உட்பக்கம் முழுவதும் விரலால் தடவினேன். தோலுக்கு அடியில் மணிமணியாக நான்கு முடிச்சுகள், ஒரே கோட்டில் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. கடைசியில் இருந்தது சுண்டைக்காய் அளவு. "இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றேன். "வலிக்கலையே. நரம்பு முடிச்சுன்னு நினைச்சேன்" என்றார். யாரும் அவர் சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்க்கவில்லை. நானும் படத்தில் புறங்கையை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அது நரம்பு இல்லை. நிணநீர்க் குழாய் போகும் வழி. கையில் நுழைந்த கிருமி அந்தக் குழாய் வழியாக மேலே ஏறும்போது, போகிற வழியெல்லாம் ஒரு முடிச்சு போட்டுவிட்டுப் போகும். இப்படிக் கோடு கட்டி ஏறும் நோய்கள் அதிகம் இல்லை. ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று முதலில் நினைவுக்கு வர வேண்டியது. மீன்தொட்டித் தண்ணீரில் இருக்கும் மைக்கோபாக்டீரியம் மரைனம், மண்ணில் வாழும் நோகார்டியா, மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் ஆகியவையும் இதே கோலத்தைப் போடும். நான்குக்கும் மருந்து வேறு வேறு. கண்ணால் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நியாயமில்லை. ஈரமான மரம், சிலாம்பு, மூன்று வார இடைவெளி, வலியில்லாத முடிச்சு எல்லாம் சேர்ந்து என் மனதில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டது உண்மை. ஆனாலும் ஆதாரம் திசுவில்தான் இருக்கிறது.

பூஞ்சை என்றதும் படை, தேமல், கால் இடுக்கு அரிப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை தோலின் மேல் அடுக்கோடு நின்றுவிடும், புண்ணாக உடைவது அபூர்வம். இது அப்படியில்லை. முள்ளோ சிலாம்போ துளைத்து உள்ளே கொண்டுபோய் வைக்கும் பூஞ்சை, தோலின் ஆழத்தில் குடியேறுகிறது. கடையில் வாங்கும் படை மருந்துக் களிம்பு அங்கே போய்ச் சேராது.

இனி ஃபார்மலின் விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் மேசையில் மாதாமாதம் நடக்கிற துயரம் இது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் வைக்கும். அதே நேரத்தில் அதிலுள்ள உயிர் அனைத்தையும் கொன்றுவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் நோய்க்குறியியல் நிபுணருக்கு அது வேண்டும். எனக்கு வேண்டியது உயிரோடு இருக்கும் பூஞ்சை. அதற்குத் திசு சுத்தமான சலைனில், காய்ந்துபோகாமல் வர வேண்டும். ஆகவே ஒரு துண்டை இரண்டாக்கி, அல்லது இரண்டு துண்டாகவே எடுத்து, ஒன்றை ஃபார்மலினிலும் மற்றொன்றை சலைனிலும் போட வேண்டும். அந்த இரண்டாவது குப்பி இல்லாவிட்டால் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, இல்லை. நோயாளி மறுபடி ஊசி குத்திக்கொள்ள வேண்டும், மறுபடி தையல், மறுபடி காத்திருப்பு.

முதல் குப்பி போதாதா என்று கேட்கலாம். சில பூஞ்சைகளுக்குப் போதும். பி.ஏ.எஸ்., சில்வர் என்ற சாயங்கள் ஏற்றினால் பூஞ்சையின் சுவர் பளிச்சென்று தெரியும். ஆனால் ஸ்போரோட்ரைகோசிஸை உண்டாக்கும் ஸ்போரோட்ரிக்ஸ் பூஞ்சை மனிதத் திசுவில் மிகக் குறைவான எண்ணிக்கையில்தான் இருக்கும். பத்து வெட்டுகளைப் புரட்டினாலும் ஒன்றும் கண்ணில் படாமல் போகலாம். கிரானுலோமா மட்டும் தெரியும். கிரானுலோமா என்றால், உடம்பு எதையோ விரட்ட முடியாமல் சுற்றி வளைத்து வைத்திருக்கிறது என்று பொருள். எதை என்று அது சொல்லாது. காசநோயும் அதைச் செய்யும், இன்னும் பல நோய்களும் செய்யும். அறிக்கை எழுதியவர் "இருக்கலாம்" என்றுதான் எழுதியிருந்தார். அந்தச் சொல் கைமாறிக் கைமாறி "இருக்கிறது" என்று ஆகிவிட்டது.

சித்தப்பாவைத் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடியும் பயாப்ஸி வேண்டும் என்று தானாகவே சொன்னார். நடுவில் இருந்த அழுகலை விட்டுவிட்டு, தடித்த ஓரத்தில் 4 மி.மீ. பன்ச் என்ற வட்டக் கத்தி வைத்து ஆழமாக இரண்டு துண்டு எடுத்தார். மேலே தடவி எடுக்கும் ஸ்வாப் இந்த இடத்தில் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த புண்ணின் மேல் என்னென்னவோ வந்து உட்கார்ந்திருக்கும். ஸ்வாபில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்தது என்பதற்காகக் கேண்டிடாதான் புண்ணுக்குக் காரணம் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். ஆழத்திலிருந்து எடுத்த திசுவில் வளர்வதற்குத்தான் மதிப்பு.

ரெக்வெஸ்ட் ஃபார்மில் அந்த மருத்துவர் எழுதியதை அப்படியே மனப்பாடமாகச் சொல்வேன்: "தச்சர். மரச் சிலாம்பு. நிணநீர் வழி முடிச்சுகள். பூஞ்சை கல்ச்சர், 4 வாரம் வைத்திருக்கவும். மைக்கோபாக்டீரியா கல்ச்சர், 30 டிகிரியிலும் வைக்கவும்." இந்த நாலு வரி இருந்தால் எங்கள் வேலையே மாறிவிடும். மரைனம் குளிர்ச்சியில் வளர்வது; 37 டிகிரியில் மட்டும் வைத்தால் தவறவிடுவோம். பூஞ்சை வளர நாளாகும். சாதாரணக் கல்ச்சர் என்று நினைத்து மூன்றாம் நாள் தட்டைத் தூக்கி எறிந்தால் தவறவிடுவோம். "புண் – கல்ச்சர்" என்று ஒற்றை வரியில் வரும் ஃபார்ம்களைப் பார்த்தால் எனக்கு அழுகையே வரும்.

சலைன் குப்பி எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. பாதுகாப்பு அறைக்குள் வைத்துத் திசுவைச் சிறுசிறு துண்டாக நறுக்கினேன். திசுவைக் கரைத்துப் பூஞ்சையைக் காட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு ஸ்லைடில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. எதிர்பார்த்ததுதான். பூஞ்சை வளர்க்கும் ஊட்டக் கூழான சபரோ அகாரில் விதைத்து, ஒரு தொகுதியை 28 டிகிரியிலும் மற்றொன்றை 37 டிகிரியிலும் வைத்தேன். அதன் பிறகு தினமும் காலையில் கைப்பையைக்கூட வைக்காமல் இன்குபேட்டரைத் திறந்தேன்.

ஆறாம் நாள் ஒரு துண்டின் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு வெள்ளை. ஈரமாக, மழமழவென்று. குரோத் வந்திருக்கிறது என்று பக்கத்து மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது. அடுத்த ஒரு வாரத்தில் அது சுருக்கம் சுருக்கமாக விரிந்து, பழுப்பாகி, கறுத்தது. லாக்டோஃபீனால் நீலம் என்ற சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நூலை விட மெல்லிய இழைகள், அவற்றிலிருந்து செங்குத்தாக எழும் காம்புகள், காம்பின் நுனியில் பூவிதழ் அடுக்கியது போல வித்துகள். பாடப்புத்தகத்தில் இருப்பது அப்படியே. உறுதிப்படுத்த, சத்து மிகுந்த இன்னொரு அகாரில் 37 டிகிரியில் வளர்த்தேன். அந்தச் சூட்டில் அதே பூஞ்சை இழையை விட்டுவிட்டு ஈஸ்ட்டாக, அதாவது தனித்தனிச் செல்களாக, சுருட்டு வடிவத்தில் மாறியது. வெளியே மரத்திலும் மண்ணிலும் ஒரு உருவம், உடம்புக்குள் இன்னொரு உருவம். ஸ்போரோட்ரிக்ஸ்.

1896இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஒருவர் வந்தார். வயது 36, வலது கையில் புண்கள். அங்கே மருத்துவ மாணவராக இருந்த பெஞ்சமின் ஷென்க் அவர் புண்ணிலிருந்து இந்தப் பூஞ்சையை வளர்த்தெடுத்து 1898இல் எழுதினார். அவர் பெயர்தான் இதன் ஒரு இனத்துக்கு இன்றும் நிற்கிறது. வலது கை என்று படித்த இடத்தில் அன்று நான் சற்று நேரம் நின்றுவிட்டேன்.

சித்தப்பாவுக்கு அதை விட ஆறுதலாக இருந்தது வேறொரு கதை. "கையுறை போட்டிருந்தா வந்திருக்காதுல்ல?" என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் 1941 முதல் 1944 வரை கிட்டத்தட்ட 3,000 தொழிலாளர்களுக்கு இதே நோய் வந்தது என்று சொன்னேன். சுரங்கத்தைத் தாங்கிய மர முட்டுகளில்தான் பூஞ்சை வளர்ந்திருந்தது. ஈரமும் வெதுவெதுப்பும் அதற்கு ஏற்றதாக இருந்தன. முட்டுகளை மருந்திட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் நோய் அடங்கியது. "மூவாயிரம் பேரா!" என்றார். கொஞ்ச நேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தது பொட்டாசியம் அயோடைடு கரைசல். 1900களின் தொடக்கத்திலிருந்தே இதற்குப் பயன்படும் மருந்து. சொட்டுச் சொட்டாக ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். மலிவு, தோலோடு நிற்கும் நோயில் வேலையும் செய்கிறது. வாயில் உலோகச் சுவை, உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம், தைராய்டு தொல்லை ஆகியவை அதன் கெடுதல்கள். இன்றைக்கு முதல் தேர்வு இட்ராகொனசோல் என்ற பூஞ்சை மருந்து. சித்தப்பாவுக்கு மருத்துவர் தினம் 200 மி.கி. எழுதினார். ஆரம்பிக்கும் முன் கல்லீரல் பரிசோதனை. இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இது ஆகாது என்பதால் அதையும் விசாரித்தார். கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றோடும், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளோடும் இது மோதும். ஆகவே சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் எடுத்து வரச் சொன்னார்.

அங்கேதான் ஒன்று நழுவியது. ஆறு வாரம் ஆகியும் புண் அப்படியே இருந்தது. கல்ச்சரில் ஏதாவது பிழை செய்துவிட்டேனோ என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது. மறுபடி போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போடுவாராம், நெஞ்செரிச்சலுக்கு. பல வருடப் பழக்கம், அதை மாத்திரை என்றே அவர் கணக்கில் வைக்கவில்லை. வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரை அது. இட்ராகொனசோல் காப்ஸ்யூல் கரைந்து உடம்பில் சேர வேண்டுமானால் அமிலம் வேண்டும். அதனால்தான் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே அதை விழுங்கச் சொல்கிறார்கள். ஆறு வாரமும் காப்ஸ்யூலில் பாதிக்கு மேல் வீணாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் சொன்னதும் அந்த மாத்திரையை நிறுத்தினார். அடுத்த மூன்று வாரத்தில் முழங்கைப் பக்கத்து முடிச்சு முதலில் கரைந்தது. பிறகு புண்ணின் ஓரம் தட்டையானது. கடைசியாகத்தான் புண் மூடியது.

மூடியதும் நிறுத்திவிடலாம் என்று அவர் அடம்பிடித்தார். பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், எல்லாம் ஆறிய பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் தொடர வேண்டும். "இன்னும் ஒரு மாசம், எனக்காக" என்று கெஞ்சினேன். ஐந்தரை மாதத்தில் முடித்தார்.

எல்லாப் பூஞ்சைப் புண்ணும் இப்படிப் பொறுமையாக இருக்காது. காயம் பட்ட இடம் மளமளவென்று கறுத்து, மணிக்கணக்கில் அகலமானால், அதுவும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு என்றால், மியூக்கார்மைக்கோசிஸ் என்ற வேகமாகப் பரவும் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு ஆறு நாள் காத்திருக்கக் கூடாது. திசுவை உடனே ஸ்லைடில் பார்க்க வேண்டும். அகலமான நாடா போன்ற இழைகள் தெரிந்தால் அன்றைக்கே அறுவை சிகிச்சையும் ஆம்ஃபோடெரிசின் பி என்ற பூஞ்சை மருந்தும். எங்கள் ஆய்வகத்தில் அப்படி ஸ்லைடு தெரிந்தால் அறிக்கை தட்டச்சாகும் வரை யாரும் காத்திருப்பதில்லை, நேராகப் போன் போடுகிறோம். அதே போல எச்.ஐ.வி. உள்ளவருக்கோ, உறுப்பு மாற்றி நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுபவருக்கோ தோலில் புண் வந்தால், பூஞ்சை தோலில் ஆரம்பிக்காமல் நுரையீரலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ வெளியே வந்திருக்கலாம். கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை பெரும்பாலும் அப்படித்தான் வரும். அப்போது தண்டுவட நீர் வரை பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல்தான் ஆழத் தோல் பூஞ்சை நோய்களைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. புறக்கணிக்கப்பட்ட என்ற சொல் எனக்குக் கனமாக இருக்கிறது. மரமும் மண்ணும் செடியும் தொட்டு வேலை செய்பவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அவர்கள்தான் வலிக்கவில்லையே என்று வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால், கையையோ காலையோ மேலே வரை தடவிப் பாருங்கள். எதில் குத்தியது என்று கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். பயாப்ஸி எடுக்கும்போது, "கல்ச்சருக்கும் ஒரு துண்டு போகிறதா?" என்று கேட்க யாரும் தயங்க வேண்டாம். என் அனுபவத்தில் நல்ல மருத்துவர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட்டதில்லை.

சித்தப்பாவின் புறங்கையில் இப்போது பளபளப்பான ஒரு தழும்பு இருக்கிறது. தடித்த கையுறை வாங்கிக் கொடுத்தேன், போடுகிறார். அவருடைய பூஞ்சையை ஒரு சிறு குழாயில், சுத்தமான நீரில் போட்டு ஆய்வகச் சேகரிப்பில் வைத்திருக்கிறோம், புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் காட்ட. போன வாரம் அதிலிருந்து ஒரு துளி எடுத்துப் புது அகாரில் விதைத்தேன். அன்று சாயங்காலம் அவரே போன் செய்தார், வேறு ஏதோ பேச. முடிக்கும்போது கேட்டார்: "அது இன்னும் உயிரோட இருக்கா அம்மாடி?"

"இருக்கு சித்தப்பா. குழாய்க்குள்ள."